கேட்க ஆள் இருந்தால்தான் உச்சி

சூளூர்பேட்டையில் மலை கிடையாது. கிழக்கே பழவேற்காடு ஏரி, அதைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா, அப்புறம் கடல். ஊரை ஒட்டிக் காளங்கி ஆறு. பூநாரைகள் இறங்கும் பருவத்தில் ஏரிக்கரையில் நின்றால் கண்ணுக்கு எட்டியவரை தண்ணீரும் வானமும்தான். மேற்கே மட்டும், மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலையில், கம்பாக்கம், நாகலாபுரம் மலைகள் நீலக்கோடாகத் தெரியும்.

அந்த நீலக்கோட்டுக்கும் இந்தச் சமதரைக்கும் நடுவே நடக்கக்கூடிய ஒரு பேச்சைப் பற்றி எழுத நினைக்கிறேன். மலையேறுகிறவர்களில் சிலர் முதுகுப்பையில் சின்ன ரேடியோ ஒன்றையும் கம்பிச் சுருளையும் சேர்த்துச் சுமந்து போகிறார்கள். உச்சியில் ஆன்டெனாவைக் கட்டிவிட்டு, கீழே எங்கெங்கோ இருக்கும் முகம் தெரியாதவர்களைக் கூப்பிடுகிறார்கள். பதில் வந்தால் அழைப்புக்குறியையும் நேரத்தையும் நோட்டில் குறித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சுருட்டிப் பையில் போட்டு இறங்கிவிடுகிறார்கள். பொழுதுபோக்காக ரேடியோ இயக்கும் ஹாம் ரேடியோக்காரர்களிடையே இது இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கிறது.

இதற்கு முறையான வடிவம் கொடுத்தவர் ஜான் லின்ஃபோர்டு என்ற ஆங்கிலேயர். 'சம்மிட்ஸ் ஆன் தி ஏர்' என்ற பெயரில் 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கியது. அதன் விதிகளைப் படித்துப் பார்த்தால், எழுதியவர்கள் மலையையும் ரேடியோவையும் ஒரே அளவு நேசித்தவர்கள் என்று தெரியும். கடைசி ஏற்றத்துக்கு வண்டி கூடாது. கருவிகளைத் தானே சுமக்க வேண்டும். மின்சாரம் பேட்டரியிலிருந்தோ சூரியனிலிருந்தோ வரவேண்டும், ஜெனரேட்டர் ஆகாது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குக் கீழே இறங்காமல் உட்கார்ந்து பேச வேண்டும். குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் தரையிலுள்ள ரிப்பீட்டர் வழியாகப் பேசியது கணக்கில் வராது.

மலையைத் தேர்ந்தெடுக்கும் விதியும் எனக்குப் பிடித்தது. கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பதை மட்டும் பார்ப்பதில்லை. அந்த உச்சியிலிருந்து அதைவிட உயர்ந்த இன்னொரு மலைக்குப் போக எவ்வளவு இறங்கி ஏற வேண்டும் என்று பார்க்கிறார்கள். பெரும்பாலான நாடுகளில் அந்த இறக்கம் 150 மீட்டராவது இருக்க வேண்டும். பெரிய மலையின் தோளில் தொற்றிக்கொண்டு நிற்கும் முகடு எத்தனை உயரமாக இருந்தாலும் சேராது. தன் காலில் நிற்கும் சிறிய மலை சேரும். சென்னையின் பரங்கிமலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர்தான் என்பதால் அதற்கு வாய்ப்பில்லை. ஆனால் 1802 ஏப்ரலில் லாம்டன் என்ற நில அளவையாளர் தன் அளவையின் அடிக்கோட்டை அதன் அடியிலிருந்துதான் அளக்கத் தொடங்கினார்; அங்கிருந்து குன்றுக்குக் குன்று கொடி நட்டு, கண்ணாடி வழியாகப் பார்த்துப் பார்த்துத்தான் இந்தியாவின் வரைபடம் விரிந்தது. ஒரு மேட்டிலிருந்து இன்னொரு மேட்டைக் காண்பது என்ற அந்தப் பழைய வேலையின் நீட்சிதான் ரேடியோவும்.

ஆனால் இந்த விதிகளில் என்னை அசைத்தது வேறு ஒன்று. உச்சியைத் தொட்டதாக நீங்கள் சொல்லிக்கொண்டால் போதாது. புள்ளி வேண்டுமென்றால் அங்கிருந்து குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்களோடு பேசியிருக்க வேண்டும். எவ்வளவு கடினமான பாறையில் ஏறியிருந்தாலும் சரி, கீழே நான்கு பேர் உங்களைக் கேட்காவிட்டால் அந்த ஏற்றம் முடியவில்லை. மலையேற்றத்தின் வரலாற்றில் உச்சி என்பது ஏறியவனுக்கே சொந்தமானதாக இருந்துவந்தது. இங்கே அதில் பாதி கேட்டவனுக்குப் போகிறது. கேட்கிறவர்களுக்கும் தனிப் புள்ளிப் பட்டியல் உண்டு. வீட்டு நாற்காலியை விட்டு எழாமல் ஆயிரம் புள்ளி சேர்த்தவருக்கும் ஒரு பட்டம் தருகிறார்கள். அது சலுகை அல்ல என்று நான் நினைக்கிறேன். அது நியாயமான பங்கு.

எதற்காக மலை? உயரம் இருந்தால் சக்தி தேவையில்லை என்பதுதான் விடை. 145 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைகள் ஏறக்குறைய நேர்க்கோட்டில் போகின்றன. காற்று மண்டலம் அவற்றைச் சிறிது கீழே வளைப்பதால் கண் பார்க்கும் தொடுவானத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எட்டும், அவ்வளவுதான். மீட்டரில் உயரத்தின் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் தூரம் வந்துவிடும். சூளூர்பேட்டைத் தெருவில் கையடக்க ரேடியோவை வைத்துக்கொண்டு நின்றால் 6 கிலோமீட்டர். மொட்டை மாடியில் பத்து மீட்டர் உயரத்துக்குக் கம்பம் நட்டால் 13. நகரி மலையின் உச்சியில் உட்கார்ந்தால் 120.

நகரி மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். திருத்தணிக்கு வடக்கே, ஆந்திர எல்லைக்குள் சுமார் 850 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. அதன் செங்குத்தான முகம் தூரத்திலிருந்து பார்த்தால் படுத்திருப்பவரின் மூக்குபோல இருப்பதால் ஆங்கிலேயர்கள் அதை 'நகரி மூக்கு' என்றே வரைபடத்தில் குறித்தார்கள். கடலோரத்திலிருந்து எழுபது எண்பது கிலோமீட்டர் உள்ளே இருந்தும், சென்னைக் கரையை நோக்கி வரும் மாலுமிகளுக்கு அது அடையாளமாக இருந்தது. தட்டையான கரை கண்ணில் படுவதற்கு முன்பே நகரியின் மூக்கு நீருக்கு மேலே தெரிந்துவிடும். அதன் பாறைக்குப் புவியியலாளர்கள் 'நகரி குவார்ட்சைட்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். கடப்பைப் படிவங்களைச் சேர்ந்த பழம்பாறை அது. மழைக்கும் வெயிலுக்கும் எளிதில் கரையாத கல் என்பதால்தான் அந்த மூக்கு இன்னும் கூராக நிற்கிறது. கடலிலிருந்து கப்பல்காரனுக்குத் தெரிகிற மலை, கடலோரத்து ரேடியோக்காரனுக்கும் கேட்கும். அங்கிருந்து நேர்க்கோட்டில் சென்னை சுமார் 80 கிலோமீட்டர். நடுவில் வெறும் சமவெளி. ஐந்து வாட், அதாவது ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு தின்னும் மின்சாரம், தாராளமாகப் போதும்.

சூளூர்பேட்டைக்கு அவ்வளவு எளிதல்ல. தூரம் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான், ஆனால் நடுவில் நாகலாபுரம், கம்பாக்கம் மலைகள் குறுக்கே படுத்திருக்கின்றன. கூரான முகட்டில் பட்ட அலை கொஞ்சம் வளைந்து மறுபக்கம் இறங்கும். இறங்கும்போது பெரும்பகுதி செத்துப்போகும். மிச்சத்தைக் காது கொடுத்துத்தான் பிடிக்க வேண்டும். இரைச்சலுக்குள்ளிருந்து ஒரு அழைப்புக்குறியின் முதல் இரண்டு எழுத்து கேட்கும், அடுத்தது மூழ்கும், திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்க வேண்டும். நான் பெரும்பாலும் கீழே இருக்கிறவன். அந்த எழுத்துகள் ஒவ்வொன்றாகக் கூடி ஒரு மனிதராக ஆகும் கணம் எனக்கு எந்தத் தெளிவான தொலைபேசி அழைப்பைவிடவும் பெரியது.

மலை வழிவிடவும் செய்யும், மறைக்கவும் செய்யும். திருப்பதிக்குப் பக்கத்தில் காதங்கியில் தேசிய வளிமண்டல ஆய்வுக்கூடத்தின் ராடார் இருக்கிறது. 53 மெகாஹெர்ட்ஸ், 1024 யாகி ஆன்டெனாக்கள், தொடக்கத்தில் உச்ச சக்தி 2.5 மெகாவாட். மேலே வளிமண்டலத்தின் மெல்லிய சலனங்களிலிருந்து திரும்பி வரும் மிக நுண்ணிய எதிரொலியைக் கேட்பதற்காக அத்தனை ஏற்பாடு. அப்படிக் கேட்பதற்கு வெளியுலக இரைச்சல் எட்டக்கூடாது. சுற்றிலும் நிற்கும் மலைகள் அதற்கு உதவுகின்றன. ஒரே வட்டாரத்தில் ஒருவர் எல்லோருக்கும் கேட்க வேண்டும் என்று மலைமேல் ஏறுகிறார். இன்னொருவர் எதுவும் கேட்காத இடம் வேண்டும் என்று மலைகளுக்கு நடுவே இறங்குகிறார். இரண்டு பேரும் காதுக்காகத்தான் அலைகிறார்கள்.

ஆல்ப்ஸில் இதைச் செய்கிறவர்களின் பாடு வேறு. அங்கே கயிறும் பனிக்கோடரியும் வைத்து ஏறுகிற உச்சிகளில்கூட ஆன்டெனா கட்டுகிறார்கள். பல உச்சிகளில் சிலுவை நட்டிருப்பார்கள். கம்பத்தை அதில் கட்டிவிடுவார்கள். 14 மெகாஹெர்ட்ஸுக்கு அரை அலைநீளம் என்றால் பத்து மீட்டர் கம்பி. நீட்டி மடக்கக்கூடிய மீன்தூண்டில் தடி ஒன்று அதைத் தாங்கும். இந்த அலைகள் மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்புவதால் கண்டம் விட்டுக் கண்டம் போகும். ஐந்து வாட்டுக்கும் நூறு வாட்டுக்கும் இடையில் 13 டெசிபல்தான் வித்தியாசம். கேட்கிறவரின் மீட்டரில் முள் இரண்டு கோடு கீழே நிற்கும், அவ்வளவே. குளிரில் பேட்டரி பாதியாகச் சுருங்கும், திரை மங்கும், விரல் மரத்துப்போய் மோர்ஸ் கீயில் புள்ளி எது கோடு எது என்று தடுமாறும். கையுறையைக் கழற்றினால்தான் தட்ட முடியும். கழற்றினால் கை போய்விடும். நம் பக்கத்து மலைகளில் தண்ணீர்தான் பிரச்சினை. ஒரு லிட்டர் கூடுதலாகவா, இன்னொரு பேட்டரியா என்று அடிவாரத்தில் நின்று யோசிக்க வேண்டியிருக்கும். தண்ணீரைத்தான் எடுக்க வேண்டும். இடி எல்லோருக்கும் பொது. உச்சியில் நிற்கும் கம்பி, மின்னல் வரும் முன்பே சீறத் தொடங்கும். ரேடியோவில் வறுக்கிற சத்தம் கேட்டால் பேசிக்கொண்டிருப்பவரிடம் சொல்லிக்கொள்ளக்கூட நிற்காமல் இறங்கிவிட வேண்டும். சித்திரை வைகாசி மாதங்களில் மதியத்துக்கு மேல் இங்கே யாரும் மலைமேல் கம்பி கட்டக்கூடாது.

உச்சியில் ரேடியோ இல்லாத காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1953 மே 29 அன்று டென்சிங்கும் ஹிலாரியும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அங்கிருந்து பேச வழியில்லை. லண்டன் டைம்ஸின் நிருபர் ஜேம்ஸ் மாரிஸ் முகாமிலிருந்து ஓர் ஓட்டக்காரரிடம் சங்கேதச் செய்தியைக் கொடுத்தனுப்பினார். படிப்பவர்களுக்கு முயற்சி தோற்றுவிட்டதாகத் தோன்றும்படி எழுதப்பட்ட செய்தி. அது கால்நடையாக நாம்சே பஜாருக்கு வந்தது. அங்கே இந்தியப் போலீசின் வயர்லெஸ் நிலையம் ஒன்று இருந்தது. அந்த நிலையம்தான் செய்தியைக் காட்மாண்டுக்கு அனுப்பியது. ஜூன் 2 அன்று லண்டனில் அச்சேறியது. உலகத்தின் மிக உயரமான உச்சியின் செய்தியை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலே கீழே அனுப்பியவர்கள் ஒரு சின்ன ஊரில் வேலை பார்த்த நம் வயர்லெஸ்காரர்கள். மலையேற்ற நூல்களில் அவர்களுக்கு ஒரு வரிக்கு மேல் கிடைப்பதில்லை. எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிதாகத் தெரிகிறது.

பிறகு காட்மாண்டில் பாதிரியார் மார்ஷல் மோரன் ரேடியோவில் ஒலிக்கத் தொடங்கினார். அமெரிக்க ஏசு சபையைச் சேர்ந்தவர். 1951-ல் காட்மாண்டு அருகே கோதாவரியில் புனித சேவியர் பள்ளியைத் தொடங்கியவர். 9N1MM என்ற அழைப்புக்குறியை உலகெங்கும் ஹாம்கள் தேடித் தேடிப் பிடித்தார்கள். இமயத்துக்குப் போன பல குழுக்களின் செய்திகளை வாங்கி அனுப்பினார். அவர் எந்தச் சிகரத்தையும் பிடிக்கப் போகவில்லை. பள்ளத்தாக்கில் உட்கார்ந்து கேட்டார். மேலே இருந்தவர்களுக்கு அந்தக் காது கயிற்றைவிடக் குறைந்த துணை அல்ல.

நாகலாபுரம் பக்கத்து மலையொன்றில் நண்பரோடு ஏறி ஆன்டெனா கட்டிக்கொண்டிருந்தபோது ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் வந்து நின்றார்.

"என்ன சாமி, இங்க டவர் வரப்போகுதா?"

"இல்லண்ணா. சும்மா பேசிப் பார்க்கலாம்னு வந்தோம்."

"யார்கூட?"

"யாருக்குக் கேக்குதோ அவங்ககூட."

அவர் சிரிக்கவில்லை. துண்டை விரித்துப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து ஒரு குரல் பதில் சொன்னதும், "சொந்தக்காரரா?" என்று கேட்டார். இல்லை, இதுவரை பார்த்ததே இல்லை என்றார் நண்பர். "பார்க்காமலேயே குரல் கொடுக்கிறாரே, நல்ல மனுசன்" என்றார் பெரியவர். நான் இந்தக் கலையைப் பற்றி எத்தனையோ விளக்கங்கள் கேட்டிருக்கிறேன். இதைவிடச் சரியாகச் சொன்னவர் யாருமில்லை.

அவர் கேட்ட முதல் கேள்வியும் சாதாரணக் கேள்வியல்ல. இந்த மலைகளில் கம்பியோடும் கருவியோடும் அலைகிறவன் யார் என்பது இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். சேஷாசலம் காடுகள் செம்மரத்தின் தாய்நிலம். 2015 ஏப்ரல் 7 அன்று அந்தக் காட்டில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மரம்வெட்டும் கூலிகள் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே வட்டாரத்து மலைகளில் பொழுதுபோக்குக்காகப் பை மாட்டி ஏறுகிற நாம் அதை மறந்துவிட்டு ஏறக்கூடாது. வனத்துறை அனுமதி, ரேடியோ உரிமம், வீட்டு முகவரிக்கு வெளியே இயக்குவதற்கான ஒப்புதல் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொண்டு ஏறுவது நம்மைக் காப்பாற்றிக்கொள்ள மட்டும் அல்ல. அந்தக் காகிதம் கிடைக்கிற இடத்தில் நாம் இருக்கிறோம், கிடைக்காதவர்கள் அங்கே இருந்தார்கள் என்ற நினைப்பு அடிவாரத்திலேயே வந்துவிட வேண்டும்.

இன்னொரு நாளும் நினைவுக்கு வருகிறது. 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணி மலையில் காட்டுத்தீ மலையேறச் சென்ற குழுக்களைச் சூழ்ந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ரேடியோ இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது இறந்தவர்களுக்குச் செய்யும் அநியாயம். ஆனால் அலைபேசிக் கோபுரம் எட்டாத சரிவுகள் நம் மலைகளில் இன்னும் நிறைய உண்டு. அங்கெல்லாம் கீழே ஒரு காது திறந்திருக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

மலையில்லாத சூளூர்பேட்டைக்குத் திரும்புகிறேன். ஏரியின் நடுவே போகும் சாலையின் அந்தக் கோடியில், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, 2005 மே 5 அன்று பி.எஸ்.எல்.வி.-சி6 ராக்கெட் கிளம்பியது. இரண்டாவது ஏவுதளத்தின் முதல் பயணம். குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் வந்திருந்தார். செய்தித்தாள்கள் 1560 கிலோ எடையுள்ள கார்ட்டோசாட்-1-ஐப் பற்றி எழுதின. அதோடு போன இன்னொன்று வெறும் 42.5 கிலோ. அதுதான் ஹாம்சாட். ஹாம்களுக்கென்றே இஸ்ரோ செய்து கொடுத்தது. அதில் இரண்டு டிரான்ஸ்பாண்டர்கள். ஒன்று இந்தியாவில் செய்தது, மற்றொன்றை வில்லியம் லெய்னார் என்ற நெதர்லாந்து மாணவர் செய்துகொடுத்தார். 435 மெகாஹெர்ட்ஸில் கேட்டதை 145-ல் திருப்பிச் சொன்னது. அனுப்பும் சக்தி ஒரு வாட்.

நகரி உச்சியிலிருந்து 120 கிலோமீட்டர் எட்டும் என்று பார்த்தோம். ஹாம்சாட் ஏறக்குறைய 620 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியது. அங்கிருந்து தொடுவானம் எல்லாத் திசையிலும் சுமார் 2700 கிலோமீட்டர். சூளூர்பேட்டையில் கையில் யாகி பிடித்து நிற்கிறவர், அது தலைக்கு மேல் கடக்கும் பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் காபூலோடும் கொழும்போடும் பேசியிருக்கலாம். இரண்டு வருடம் உழைத்தால் போதும் என்று கணக்கிட்டு அனுப்பியது, ஒன்பது வருடத்துக்கு மேல் உழைத்தது. 2014 ஜூலையில் பேட்டரி தோற்றுப்போய் நின்றது. யாரும் ஏற முடியாத உச்சி ஒன்றை இந்தச் சமதரை ஊரின் வாசலிலிருந்து தூக்கி நிறுத்தினார்கள். அது தானாக ஒன்றும் பேசவில்லை. கேட்டதை மற்றவர்களுக்குச் சொன்னது, அவ்வளவுதான். சூளூர்பேட்டைக்காரனாக எனக்கு இதில் பெருமை உண்டு, அந்தப் பெருமையை மறைக்க விரும்பவில்லை.

இதைப் படிக்கிறவர்களில் யாரும் மலை ஏற வேண்டியதில்லை. 12 வயது நிறைந்த யாரும் ஹாம் தேர்வு எழுதலாம். மோர்ஸ் தெரியாமலே எழுதக்கூடிய படிநிலையும் உண்டு. இரண்டு மீட்டர் பட்டையில் உலகின் பல இடங்களில் 145.500-ல் கூப்பிடுவது வழக்கம். நாயுடுப்பேட்டை, தடா, கும்மிடிப்பூண்டி, பொன்னேரி போன்ற சமதரை ஊர்களில் ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து பத்து மணிவரை, அனலில் மலை கொதிக்கத் தொடங்குவதற்கு முன், நான்கு வீடுகளில் ரேடியோ திறந்திருந்தால் போதும். மேலே யாராவது கூப்பிடுவார்கள்.